பதினேழாம் நாள் டிவி போட்டபோது

அப்பா போன பதினேழாம் நாள் அத்தைதான் டிவியைப் போட்டார். பதினாறு முடியும் வரை அதன் மேல் ஒரு பழைய வேட்டி போர்த்திக் கிடந்தது, யார் போர்த்தியது என்று இன்றுவரை தெரியாது, துட்டி வீட்டில் இப்படிச் சில வேலைகளை யாராவது செய்து முடித்திருப்பார்கள். பந்தல்காரர் ஷாமியானாவைக் கழற்றிக்கொண்டு போயாயிற்று, வாடகை நாற்காலியில் இரண்டு குறைகிறது என்றார், அதற்கும் காசு கொடுத்தாயிற்று, வெளியூர்ச் சொந்தமெல்லாம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிவிட்டது. அம்மா கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எத்தன நாளைக்கு மதினி இப்படியே இருப்பிய, கொஞ்சம் பராக்குப் பாருங்க" என்று சொல்லி அத்தை வேட்டியை எடுத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினார்.

அம்மா வழக்கமாகப் பார்க்கும் சீரியல்தான் ஓடியது. அதிலும் சாவு.

நான் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினேன். அத்தை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஒரு பெண்ணின் கையை நாலு பேர் பிடித்துக்கொள்ள, கண்ணாடி வளையல்கள் உடைகின்றன, மூன்று தடவை மூன்று பக்கத்திலிருந்து, ஒவ்வொரு தடவையும் இடி இடிக்கிறது. அடுத்த காட்சியில் இறந்தவரின் தம்பி வக்கீலோடு வந்து உயில் என்கிறான். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "தூக்கிட்டுப் போனவன் இன்னும் குளிச்சிட்டு வீடு திரும்பல, அதுக்குள்ள என்ன பத்திரம்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தலமாட்டுல வெளக்கே ஏத்தல பாரு" என்றாள். பதினேழு நாளில் அவள் பேசிய மிக நீண்ட பேச்சு இதுதான்.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சாவு மாதிரியான விஷயங்களை சீரியல்கள் எப்படிக் காட்டலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம், காட்டலாமா கூடாதா, மனசு புண்படுமா படாதா என்ற அளவிலேயே அது நின்றுவிடுகிறது. அம்மாவின் புகார் வேறு. சாவைக் காட்டியதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவசரமாகக் காட்டியதும் தப்பாகக் காட்டியதும்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சீரியலில் ஒருவர் ஏன் சாகிறார் என்று யோசித்தால் காரணங்கள் பெரும்பாலும் கதைக்கு வெளியேதான் இருக்கும். நடிகருக்கு சினிமா வாய்ப்பு வந்திருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், சம்பளத்தில் தகராறு வந்திருக்கும். இல்லையென்றால் வியாழக்கிழமை வரும் டிஆர்பி இறங்கியிருக்கும், ஏதாவது செய்தாக வேண்டும், சாவு எப்போதும் கைவசம் இருக்கிற சரக்கு. ப்ரோமோவில் ஒரு மாலை போட்ட போட்டோவின் ஓரத்தை மட்டும் காட்டி "யார்?" என்று ஒரு வாரம் இழுக்கலாம். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றுகிற இடத்தில் வெள்ளிக்கிழமை எபிசோடை முடிக்கலாம். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. தினமும் இருபது நிமிஷக் கதையை எடுத்து, எடிட் செய்து, டப்பிங் பேசி, ஒளிபரப்புக்கு ஓரிரு நாளைக்கு முன் சேனலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களின் பாடு தனி. ஆனால் அவ்வளவு பாடுபட்டு ஒரு ஆளைச் சாகடித்துவிட்டு, அடுத்த வாரமே அந்த வீட்டில் எல்லோரும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வளைகாப்புக்குக் கிளம்பிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இறந்தவர் சுவரில் போட்டோவாகி, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிய, அதன் பிறகு யாருக்காவது சபதம் போட வேண்டுமென்றால் மட்டும் அந்தப் போட்டோ முன்னால் வந்து நிற்பார்கள்.

சினிமாவுக்கு இரண்டரை மணி நேரம்தான், அது தாவித்தான் ஆக வேண்டும். சீரியலுக்கு என்ன அவசரம்? வாரத்துக்கு ஆறு எபிசோடு என்று வைத்தால் ஆயிரம் எபிசோடுக்கு மூன்று வருஷத்துக்கும் மேலே ஆகிறது. மூன்று வருஷம்! அதற்குள் ஒரு வீட்டில் மூன்று திவசம் வந்துவிடும், கொண்டாடாமல் விட்ட ஒரு தீபாவளி வந்து போய்விடும். துக்கம் நிஜத்தில் எவ்வளவு நாள் எடுக்குமோ அவ்வளவு நாளும் காட்ட முடிகிற ஒரே கலை வடிவம் தினசரி சீரியல்தான். ஒரு பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதை ஸ்லோ மோஷனில் நாலு நிமிஷம் காட்டுகிறவர்களுக்கு நேரம் இல்லை என்று சொன்னால் நம்ப முடியுமா?

நேரம் கிடைத்தால் எதைக் காட்டுவது? எங்கள் வீட்டு இரண்டாம் மாதத்தைச் சொல்கிறேன். முதல் வாரம் ஐஸ் பெட்டி, நீர்மாலை, கொள்ளிக்குடம், காடாத்து என்று யாராவது எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள், சொன்னதைச் செய்தால் போதும். இரண்டாம் மாதம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ், கேஸ் கனெக்‌ஷன் பேர் மாற்றம், ரேஷன் கார்டில் பேர் நீக்கம், பேங்க் பாஸ்புக். ஒரு கவுண்டரில் கேட்டார்கள், "அவரே வந்து கையெழுத்துப் போட முடியாதா?" சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது, வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போதுதான் தொண்டை அடைத்தது. அப்பாவின் போன் நம்பருக்கு எண்பத்து நாலு நாளைக்கு ஒரு தடவை இன்னும் நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். அந்த போனில் அவர் யாருடனும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசியதில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்குச் சார்ஜ் போடுகிறாள். யாரும் அதில் கூப்பிடுவதும் கிடையாது. இதிலெல்லாம் இடி இடிக்க ஒன்றும் இல்லைதான், ஆனால் எந்த மாமியாரும் எந்த மருமகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஏனென்றால் எல்லார் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு போன் இருக்கிறது.

வளையல் உடைக்கிற காட்சிக்குத் திரும்ப வருகிறேன். எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் விடியுமுன்னே, நாலு பெண்கள் மட்டும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அம்மாவின் தாலியை இறக்கினார்கள். நான் பெற்ற பிள்ளை, எனக்கே அனுமதி இல்லை. அவள் கதவைச் சாத்தச் சொன்னாள் என்று அப்புறம் அத்தை சொன்னார். பொட்டை எடுக்க ஒரு கிழவி கை நீட்டியபோது "எங்கண்ணன் வந்தா வச்சாரு, பொறந்ததுலருந்து வச்சதுதான, இருந்துட்டுப் போட்டும்" என்று தடுத்ததும் அதே அத்தைதான். சீரியல் கேமரா அந்தக் கதவுக்கு உள்ளே போய் நிற்கிறது. போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அந்த வழக்கம் எவ்வளவு கொடுமை என்று காட்டத்தான் போகிறோம் என்று இயக்குநர் சொல்லலாம். ஆனால் கொடுமையைக் காட்டுகிறவர் அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு உடைந்து சிதறுகிற கண்ணாடித் துண்டை ஸ்லோ மோஷனில் காட்ட மாட்டார். அதே அறையில் கை நீட்டித் தடுக்கிற ஒரு நாத்தனாரைக் காட்டலாமே, அப்படிப்பட்ட நாத்தனார்கள் நிஜத்தில் இருக்கிறார்கள், சீரியலில்தான் கிடையாது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரிட்டனில் பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற பல்லாண்டுகால சீரியலில், 2010 டிசம்பர் 31 அன்று ரோனி என்ற பெண்ணின் பச்சிளம் குழந்தை தொட்டிலில் தூக்கத்திலேயே இறந்துபோகிறது. அதோடு விட்டிருந்தால் சரி. அவள் இறந்த குழந்தையைக் கொண்டுபோய் இன்னொரு தாயின் தொட்டிலில் கிடத்திவிட்டு அந்தக் குழந்தையைத் தூக்கி வந்துவிடுகிறாள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் பிபிசிக்குப் போயின. அதில் கவனிக்க வேண்டியது, குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்கள் சொன்னதுதான்: குழந்தை சாவதைக் காட்டியது தப்பில்லை, பிள்ளை இழந்தவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் திருடுவாள் என்று காட்டினீர்களே, இனி எங்களைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பிபிசி கதையைச் சுருக்கி, ஏப்ரலிலேயே குழந்தையை உண்மையான தாயிடம் சேர்த்து முடித்துவைத்தது. துக்கம் மட்டும் போதாது, அதன் மேல் ஒரு திருப்பம் வேண்டும் என்ற அந்த ஆசைதான் உலகம் முழுக்க கதை எழுதுகிறவர்களைக் கெடுக்கிறது போல. நம்மிடமும் பிள்ளை இழந்தவள் என்றால் பைத்தியம், புருஷனை இழந்தவள் என்றால் தெய்வம் அல்லது வில்லி.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். விஜய் டிவியின் 'பாக்கியலட்சுமி'யில் மாமனார் ராமமூர்த்தி இறந்தபோது, மகன் கோபி இருக்க மருமகள் பாக்கியாதான் இறுதிச் சடங்கு செய்தாள். அந்த வாரம் எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. பொம்பள கொள்ளி வைக்கலாமா என்று ஆரம்பித்த பேச்சு, யார் கடைசிவரை கஞ்சி ஊற்றினார்கள் என்பதில் போய் நின்றது. அதற்கு எந்த அறிவுரை வசனமும் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் கிழவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது யார் என்று ஜனங்கள் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். நான் சொன்ன அந்த நேரத்தை இங்கே சாவுக்கு முன்னாலேயே செலவழித்திருந்தார்கள்.

தற்கொலைக் காட்சிகள் விஷயத்தில் மட்டும் எனக்கு இந்த நிதானம் இல்லை. மற்றதெல்லாம் ரசனைக் குறைவு, இது ஆபத்து. பிபிசியின் 'கேஷுவல்டி' என்ற மருத்துவமனை நாடகத்தில் 1996 நவம்பரில் ஒரு பாத்திரம் மாத்திரை விழுங்கும் எபிசோடு வந்தது. அதற்கு அடுத்த வாரம் பிரிட்டன் மருத்துவமனைகளுக்கு அதே காரணத்தோடு வந்தவர்கள் 17 சதவீதமும், இரண்டாவது வாரம் 9 சதவீதமும் கூடியிருந்தார்கள் என்று ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். படம் எடுப்பவர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கையேடு போட்டது: வழிமுறையைக் காட்டாதே, அதைத் தீர்வு போலக் காட்டாதே, பிழைத்து வந்தவர்களையும் உதவி கேட்டுப் போனவர்களையும் காட்டு. நம் சீரியல்களில் கதவைச் சாத்திக்கொள்ளாத கதாநாயகி உண்டா? வெளியே எல்லோரும் கதவைத் தட்ட, உள்ளே என்ன நடக்கிறது என்று கேமரா ஒன்று விடாமல் காட்டும், கீழே எறும்பு மாதிரி ஒரு வரி ஓடும். அந்த வரியில் உதவி கேட்டுக் கூப்பிடுகிற 104 என்ற எண்ணையோ 14416 என்ற எண்ணையோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டு, ஒரு எபிசோடில் ஒரு பாத்திரம் நிஜமாகவே அந்த எண்ணைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் ஒருவர் எடுத்துப் பேசுவதைக் காட்டினால் டிஆர்பி என்ன கடலில் விழுந்துவிடுமா?

கதாபாத்திரம் சாவது ஒன்று, நடிகரே போய்விடுவது வேறொன்று. 2023 செப்டம்பர் 8 காலை, 'எதிர்நீச்சல்' சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில், அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாரடைப்பு வந்து இறந்துபோனார். எங்கள் அப்பா சீரியல் பார்க்கமாட்டார், ஆனால் அந்த நேரத்தில் மட்டும் பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார், ஆதி குணசேகரன் "இந்தாம்மா ஏய்" என்றால் பேப்பர் குலுங்கும். அன்றைக்கு எனக்கு போன் செய்து ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகப் பேசினார்: "குணசேகரன் போயிட்டானாம்யா." ஒன்றரை வருஷம் அந்தப் பாத்திரத்தைக் கரித்துக் கொட்டிய அம்மா அன்று ராத்திரி டிவியே போடவில்லை. சீரியலில் குணசேகரன் சாகவில்லை. எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்று வந்தார், கதை ஓடியது. வேறு வழியில்லை என்பது புரிகிறது, குணசேகரன் இல்லாமல் அந்தக் கதைக்குக் கால் கிடையாது. இருந்தாலும், பார்க்கிறவர்கள் ஒரு ஆளை நிஜமாகவே இழந்திருந்த நேரம் அது, கதைக்குள் மட்டும் அவர் உயிரோடு, வேறு முகத்தோடு.

அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் தொடரில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறு ஆளைப் போடலாமா, ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டு, அவர் இறந்துவிட்டார் என்று குழந்தைகளிடம் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். குழந்தை உளவியல் தெரிந்தவர்களைக் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று சொல்லவில்லை, சொன்னால் ஆஸ்பத்திரி என்றாலே பிள்ளைகள் பயப்படும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு, 1983 நவம்பர் 24 அன்று, நன்றி நவில்தல் விடுமுறை நாளாகப் பார்த்து ஒளிபரப்பினார்கள், பெற்றோர் வீட்டில் இருப்பார்கள் அல்லவா. பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை எல்லோரையும் படம் வரைந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிறது. ஹூப்பரின் படம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. அவர் வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆக வேண்டும் என்று அது கேட்க, அது அப்படித்தான் என்பதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. எப்போதும் அவர் பெயரைத் தப்பாகச் சொல்லும் அந்தப் பறவை கடைசியிலும் தப்பாகவே சொல்கிறது, ஒருவர் திருத்துகிறார்.

அப்பா போனபோது என் தங்கை மகளுக்கு நாலு வயசு. தாத்தா சாமிகிட்ட போயிட்டாங்க என்று நாங்கள் சொல்லிவைத்தோம். மறுவாரம் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு காட்சி கண்ணில் பட்டது. பிரிட்டனின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' சீரியல், 1984. ஸ்டான் ஆக்டனாக நடித்த பெர்னார்ட் யூவன்ஸ் அந்த வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார், அதனால் நவம்பரில் கதையிலும் ஸ்டான் இறந்தார். சாவைக் காட்டவே இல்லை. அடக்கம் முடிந்து மனைவி ஹில்டா வீட்டுக்கு வருகிறாள், ஜீன் அலெக்சாண்டர் என்ற நடிகை. அதுவரை அழாமல் தெம்பாகத்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்துவிட்ட பழுப்புத் தாள் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். புருஷனின் துணிமணி, அப்புறம் மூக்குக் கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான், உடைந்துபோகிறாள்.

அம்மாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, எதையும் விளக்கச் சொல்லவும் இல்லை. போனை முகத்துக்கு வெகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், முடிந்ததும் திரும்ப ஒரு தடவை போடச் சொன்னாள். பிறகு முந்தானையால் போன் திரையைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தம்மா கண்ணாடிய என்னய்யா செஞ்சா?"

"தெரியலம்மா. இவ்வளவுதான் இருக்கு."

"மறுநா எபிசோடு இருக்கும்லா. தேடிப் பாரு."